பைக்குள் இன்னொன்று

என் தம்பி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவன். இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதே இல்லை. சொன்னால் போதும், "அடுத்து என்ன ஆகும், சொல்லுங்களேன்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு முறை, சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பி ஒருத்தியிடம் சொன்னேன். அந்த வாயை இன்றுவரை சபித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் நாளிதழ் நிருபர். பல வருஷமாக இதே வேலை, இதே நாற்காலி, முதுகுவலியும் அதேதான். அம்மாவும் தம்பியும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு எங்கக்கா போன? யார் என்ன சொன்னாங்க?" என்று ஆரம்பித்துவிடுவான். பாவம், அக்கா மேல் எவ்வளவு அக்கறை என்று நானும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்ப்பேன். அவன் தலையாட்டிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். அந்த அக்கறைக்கு அர்த்தம் சீரியல் ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். டிவியில் ஒரு பெண் நிருபர். தோளில் என் சிவப்புத் துணிப் பை. ஓரம் கிழிந்து நான் கறுப்பு நூலால் தைத்திருந்தேனே, அந்த இடத்தில்கூட அதே கறுப்பு நூல். அவள் மேசை நடுவில் ரெக்கார்டரை வைத்து, அதன் சிவப்பு விளக்கு பேசுகிறவர் கண்ணில் படும்படி திருப்பி, "இது ஓடுது, பாருங்க. வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றாள். யாரைப் பேட்டி எடுத்தாலும் நான் சொல்கிற வார்த்தை அது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"ஏன்டா, என்னையே தூக்கிட்டுப் போய் வித்துட்டியா?" என்றேன்.

"உன்னை ஹீரோயின் ஆக்கியிருக்கேன்க்கா. சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு."

"அந்தப் பொண்ணு எவ்வளவு அழகா தலை வாரியிருக்கா பாரு" என்றாள் அம்மா. "நீயும் அப்படி வாரினா என்ன குறைஞ்சு போயிடும்?"

தலை வாருவதோடு போயிருந்தால் பரவாயில்லை. சீரியல்காரி திங்கட்கிழமை ஒரு ஊழலை மோப்பம் பிடிப்பாள், வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு போலீஸ் வேனில் ஏறுவார். நான் இந்த வருஷம் ஒரு குழாய் உடைப்பைப் பற்றி எழுதினால் அடுத்த வருஷமும் அதே குழாயைப் பற்றித்தான் எழுதுவேன். இது ஜனங்களுக்கு விளங்கவே இல்லை. நான் நிருபர் என்று தெரிந்ததும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், "நீங்க ஏம்மா அவ மாதிரி மேசையைத் தட்டிக் கேக்க மாட்டேங்கறீங்க? பயமா?" என்று கேட்டாள். தட்டினால் வாட்ச்மேன் வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான் என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அதுவரை முகத்தில் அடிக்கிற மாதிரி சாத்திய கதவுகள் என் பையைப் பார்த்ததும் திறந்தன. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

இஸ்திரி அக்கா அப்படித்தான் வந்தாள். எங்கள் ஆபீஸ் வரவேற்பில் நின்று, "சிவப்புப் பை வச்சிருப்பாங்களே, அவங்களைப் பார்க்கணும்" என்றாளாம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளை வெளுக்கிற பெரிய சலவைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சூடான உருளைகளுக்குள் ஈர விரிப்பைக் கொடுத்து, அந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் வாங்குகிற இஸ்திரி மிஷின் வேலை. இரண்டு கைகளிலும் முழங்கை வரை தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது.

"பாய்லர் மேல ஒரு வால்வு இருக்குங்க. உள்ள ஆவி அதிகமானா அதுவே திறந்து விட்டுடும். அது அடிக்கடி சீறி வேலை நிக்குதுன்னு சூப்பர்வைசர் அதைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டி வச்சிருக்கார். ஏணி மேல ஏறி அவர் கட்டறதை நான் என் கண்ணால பார்த்தேன். பாய்லரை ஒட்டின சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் தங்கச்சி நிக்கறா. துவைக்கற மிஷின்ல துணி போடறது அவ வேலை. வேற எங்கயாவது போடின்னா கேக்க மாட்டேங்கறா. என் கூடவே இருக்கணுமாம். அவளை அங்க கொண்டு வந்து சேர்த்ததே நான்தான்."

சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அன்றே பாய்லர் சோதனை அதிகாரியிடம் ஓடினேன். அவர் வருவதாக முதலில் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னார், பிறகு போனார். அவர் போகும்போது கம்பி இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் கம்பி மறுபடி ஏறிவிட்டதாக இஸ்திரி அக்கா சொன்னாள். போட்டோ எடுக்கவும் வழியில்லை, வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஆசிரியர் கெட்டவர் இல்லை. "சர்டிபிகேட் அவன் கையில இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு?" என்று கேட்டார். "கண்ணால பார்த்தவங்க பேச்சு ரெக்கார்டா வேணும். பேரைப் போட வேண்டாம். ஆனா கோர்ட்டுக்கு இழுத்தா நான் எடுத்து வைக்கணுமே. அது வந்த மறுநாள் முதல் பக்கத்துல போடறேன்." நியாயமான பேச்சு. முதல் பக்கத்தில் வந்தால் பாய்லரை நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

இஸ்திரி அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை லீவு. வீட்டுக்கு வாங்க. எல்லாத்தையும் மிஷின்ல சொல்லிடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட வந்துட்டேன்ல, இனி கவலை இல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆளை வேன்ல ஏத்திடுவீங்க."

"அவ்வளவு சுலபம் இல்லக்கா" என்றேன். அது அவள் காதில் ஏறவே இல்லை.

நான் அந்த சீரியலைப் பார்ப்பதில்லை. என்னை நானே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கென்ன பைத்தியமா? அதனால் அந்த வெள்ளிக்கிழமை என்ன காட்டினார்கள் என்று ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் டிவி, கொடியில் கம்பெனி சட்டைகள் இரண்டு. கட்டிலில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அக்கா "உக்காருங்க" என்றாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயந்திருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். பயத்தைத் தெளிய வைக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ரெக்கார்டரை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். சிவப்பு விளக்கை அவள் பக்கம் திருப்பினேன்.

"இது ஓடுது, பாருங்க. வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

நிறுத்தினேன்.

"இதை நிறுத்திட்டீங்க. பைக்குள்ள இருக்கறதை?"

"பைக்குள்ள என்னக்கா இருக்கு?"

"கொட்டுங்க, பார்க்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொட்டினேன். சீப்பு, குடை, தலைவலி மாத்திரை, மடித்த பேப்பர், பேட்டரிகள், கடைசியாக இன்னொரு ரெக்கார்டர். முன்பு ஒரு தடவை பேட்டி பாதியில் இருக்கும்போது மிஷின் நின்றுபோய், அந்த மனிதர் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்பேர் ஒன்று என் பையில் கிடக்கும். அணைத்துத்தான் வைத்திருப்பேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படி வைத்திருப்பார்கள்.

"பார்த்தியா" என்றாள் தங்கச்சி, மெதுவாக.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சீரியல்காரி ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போனாளாம். மேசையில் வைத்த ரெக்கார்டரை அவன் கேட்டதும் அணைத்தாளாம். அவன் நம்பி மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினானாம். பைக்குள் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்ததாம். நேரே முதலாளி பங்களாவுக்குப் போய், அதைப் போட்டுக் காட்டி, முதலாளியோடு சேர்ந்து சிரித்தாளாம்.

"அக்கா, அது கதை" என்றேன்.

"கதைதான். யாரு இல்லேன்னா? ஆனா பை அதே பை. பேச்சும் அதே பேச்சு. உள்ள இன்னொண்ணு இருக்கறதும் அதே மாதிரி இருக்கே."

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன வாயைத் திறந்தேன். "அக்கா, அதை எழுதறதே என் தம்பிதான். என்னைப் பார்த்துத்தான் எழுதறான். இந்த ஸ்பேரைக்கூட என் பையில பார்த்துட்டுத்தான் அதுல வச்சிருக்கான். அவ்வளவுதான்க்கா, வேற ஒண்ணும் இல்ல."

"கூடப் பொறந்தவனா?"

"ஆமாக்கா."

"ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப உன்னைப் பத்தி அவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். அதுவரை 'நீங்க' என்றிருந்தவள். "மத்தவங்க ஆயிரம் சொல்லலாம். கூடப் பொறந்தவன் சும்மா எழுதுவானா?"

சீப்பையும் குடையையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் தம்பி சோபாவில் காலை நீட்டிப் படுத்து, வயிற்றின் மேல் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். "ஏன்டா பாவி, உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணினேன்?" என்று பையை அவன் மேலேயே வீசினேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா, அவ நிஜமா காட்டிக் கொடுக்கலை. அந்த முதலாளியைச் சிக்க வைக்க நடிக்கறா. அதான் ட்விஸ்ட். கடைசியில தெரியும்போது எல்லாரும் கைதட்டுவாங்க."

"எப்படா தெரியும்?"

"அடுத்த வாரம். மிஞ்சிப் போனா அதுக்கு அடுத்த வாரம்."

"அதுவரைக்கும் அந்தப் பாய்லர் பொறுத்துக்கிட்டு இருக்குமா? நாளைக்கே காட்டச் சொல்லு."

சொல்லித்தான் பார்த்தான். பால்கனியில் நின்று சேனல்காரனிடம் அவன் கெஞ்சியது சமையலறை வரை கேட்டது. திரும்பி வரும்போது என்னைப் பார்க்கவில்லை. "இப்பதான் ஊரே உக்காந்து பார்க்குதாம். அவளைத் திட்டறதுக்குன்னே பார்க்கறாங்களாம். முடிக்காதே, இழுன்னு சொல்றாங்க" என்றான். நல்லவளாக இருந்தபோது பார்த்ததைவிட இப்போது அதிகம் பேர் பார்க்கிறார்களாம். ஒரு நிருபர் மோசக்காரி என்று தெரிந்துகொள்வதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். கதையை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் வந்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அக்கா வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டு, "அவ நல்லவதான்க்கா. சீரியல்ல சீக்கிரமே அது தெரியும். எங்க அக்காவும் நல்லவங்க. சத்தியமா நம்பலாம்" என்றான்.

இஸ்திரி அக்கா அவனை மரியாதையாக உட்கார வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "ரொம்ப நல்லா எழுதறீங்க தம்பி" என்றாள். "நீங்க எழுதினதை நான் நம்பறேன். நேர்ல வந்து சொல்றதை எப்படி நம்பறது? அக்காவை விட்டுக் கொடுப்பீங்களா?"

பொய்யென்று தம்பி எழுதியது அவளுக்கு உண்மை, உண்மையென்று அவன் சொன்னது அவளுக்குப் பாசம்.

"டிவில காட்டட்டும்" என்றாள் அக்கா. "காட்டினா பேசறேன். எனக்கு மட்டும் பேசணும்னு இல்லையா?"

அதற்குப் பிறகு நானும் தினமும் ஏழு மணிக்கு அம்மா பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஒரு நாள் சீரியல்காரி புதுக் கார் வாங்கினாள். ஒரு நாள் பெற்ற தாயைக் கையை நீட்டி அறைந்தாள். ஒரு நாள் முழுக்க ஒரு கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு, "திறந்து தொலையேன்டி" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். வெளியே போனால் மளிகைக் கடைக்காரர், "உங்க ஆளுங்க எல்லாம் இப்படித்தானா?" என்று சிரித்தார். பஸ்ஸில் பையை மடித்து மடியில் மறைத்துக்கொண்டேன். ஆசிரியரிடம் மறுபடி கேட்டேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். சோதனை அதிகாரி மறுபடி போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நிற்பேன். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் தங்கச்சி மட்டும் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் என் பக்கத்தில் நின்றாள்.

"அவ எப்ப நல்லவளா மாறுவா?" என்று கேட்டாள். "உங்க தம்பி ஏதாவது சொன்னாரா? நான் அப்பவே அக்காகிட்ட சொன்னேன், இவங்க மூஞ்சி அப்படி இல்லையேன்னு. அவதான் கேக்க மாட்டேங்கறா."

"நீ சொல்றியாம்மா? நீயும் அந்தக் கம்பியைப் பார்த்திருப்பியே?"

"நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. நான் நிக்கற இடத்துலேருந்து தெரியாது. அக்காவோட மிஷின்லேருந்துதான் தெரியும்."

"நீயாவது அந்தச் சுவர் பக்கம் நிக்காம இருக்கலாம்ல?"

"வேற எங்க நிக்கறது? மிஷின் அங்கதானே இருக்கு" என்று சிரித்தாள். "சீக்கிரம் மாத்தச் சொல்லுங்க."

சீக்கிரம் என்றேன். அதுதான் அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது.

பாய்லர் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்தச் சுவர் துவைக்கிற மிஷின்கள் மேல் அப்படியே சாய்ந்தது. பாய்லரைக் கவனித்துக்கொண்டிருந்தவருக்கும் தங்கச்சிக்கும் வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை. தங்கச்சியை எடுக்கப் போய் ஆவிக்குள் கையை விட்ட அக்காவுக்குத் தோள்வரை வெந்துவிட்டது. எங்கள் பேப்பரில் நான்தான் எழுதினேன். காரணம் தெரியவில்லை, சர்டிபிகேட் சரியாக இருந்தது, செத்துப்போன பாய்லர்காரரின் கவனக்குறைவு என்று நிர்வாகம் சொல்கிறது. இதைத்தான் என் கையால் எழுதினேன், வேறு எதையும் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. உடைந்த இரும்பையெல்லாம் மூன்றாம் நாளே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

சேனலிலிருந்து தம்பிக்குப் போன் வந்தது. பாய்லர் வெடிப்பது மாதிரி ஒரு காட்சி வைக்கலாமா, என்னிடம் விவரம் கேட்டு வாங்க முடியுமா என்று. அவன் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன். அவள் படுத்திருந்த விரிப்பின் மூலையில் அந்தக் கம்பெனியின் முத்திரை இருந்தது. மடிப்பு இன்னும் கலையவில்லை. வார்டு சுவரில் உயரத்தில் ஒரு டிவி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் போனபோது அவள் திரும்பிக்கொள்ளவில்லை. கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தலையணை மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நேத்துதான் காட்டினாங்க" என்றாள்.

"என்னக்கா?"

"நீ நல்லவதான்னு."

அவள் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பேன். நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அழாதே. எடு" என்றாள் அக்கா.

இனி எடுத்து என்ன பிரயோஜனம்? இரும்பு போய்விட்டது, கம்பி போய்விட்டது, அவள் சொன்னால் ஆத்திரத்தில் உளறுகிறாள் என்பார்கள். அது எனக்குத் தெரியும். ரெக்கார்டரை எடுத்து விரிப்பின் மேல் வைத்து, விளக்கை அவள் பக்கம் திருப்பினேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொல்லவில்லை.

"ஓடுதா?" என்று அவளே கேட்டாள்.

"ஓடுதுக்கா."

"பைக்குள்ள இன்னொண்ணு வச்சிருப்பியே, அதையும் எடுத்து வை. இது பாதியில நின்னுபோச்சுன்னா?"

எடுத்து வைத்தேன். இரண்டு விளக்குகளும் எரிவதைப் பார்த்துக்கொண்டு, "என் தங்கச்சியை அங்க வேலைக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான்" என்று ஆரம்பித்தாள்.